எழுத்து ஜெர்மன்

சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் ரயில் நிலையத்தில், சென்னையில் இரண்டு வருடம் படித்துச் சான்றிதழ் வாங்கிய ஜெர்மனில் தேநீர் கேட்கிறேன். கடைக்காரப் பெண் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். பக்கத்தில் நிற்கும் யாழ்ப்பாணத்து இளைஞர் உள்ளூர்ப் பேச்சு ஜெர்மனில் ஏதோ சொல்ல, அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

“எங்க கத்துக்கிட்டீங்க?” என்கிறேன்.

“ஹோட்டல் குசினியிலை, அண்ணை. சமையல்காரரிட்டை ஏச்சு வாங்கி வாங்கிப் படிச்சது. நீங்கள் கதைக்கிற ஜெர்மன் இஞ்சை கடிதத்திலைதான் வரும்.”

சொன்னவர் சட்டைப் பையிலிருந்து அரசாங்கக் கடிதம் ஒன்றை எடுத்து நீட்டுகிறார். “எனக்கு எழுத்து விளங்காது. ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ.”

அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது; நாட்டை விட்டு வெளியேற வேண்டும்.

இங்கே வந்த பிறகு முதன்முறையாக, ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிகிறது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.