சிந்துவைப் பார்க்காத இந்தியாக்காரி

மேஸ்திரி, நீங்கள் செய்வது அநியாயம்.

மரக்காணம் உப்பளம் கண்ணைக் கூசவைக்கிறது. மற்ற பெண்கள் உப்புக் கூடையைத் தலையில் சுமக்கிறார்கள். இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட ராக்கம்மா மட்டும் கூடைக் கயிற்றை உச்சந்தலையில் மாட்டி, கூடையை முதுகில் தொங்கவிட்டு, இரண்டு கையும் வீசி உப்பு மேட்டில் ஏறுகிறாள். தேயிலை மலையில் பழகிய நடை. உப்பு வாங்க வந்த நான் வாயைப் பிளந்து நிற்கிறேன்.

"ஏ சிலோன்காரி! இது டீத்தோட்டம் இல்ல. நாளைக்கு வராத. ஊர் ஆளுங்களுக்கே வேல பத்தல" என்று கத்துகிறீர்கள் நீங்கள்.

கூடையைக் கவிழ்த்துவிட்டு அவள் என்னிடம் சொல்கிறாள்: "அங்க இந்தியாக்காரின்னு கப்பலேத்துனாங்க ஐயா. இங்க இப்படி."

இந்தியா என்பதே ஒரு நதியின் பெயர். சிந்துவைப் பாரசீகர் ஹிந்து என்றார்கள். கிரேக்கர் இந்தோஸ் என்றார்கள். அதிலிருந்துதான் இந்தியா. இத்தனை வாய்களைக் கடந்து வந்த ஒரு சொல், அந்த நதியைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருத்தியைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து இந்த உப்பில் இறக்கியிருக்கிறது. நினைக்க நினைக்கப் பிரமிப்பாக இருக்கிறது.

மேஸ்திரி, நாளைக் காலை ஆட்கள் எல்லாரும் கூடி நிற்கும்போது உரக்கச் சொல்லுங்கள். நீங்கள் சிந்துவை எப்போது பார்த்தீர்கள்?