வராந்தாவில் நின்ற பேஸ்

போன ஞாயிறு எங்கள் சர்ச்சில், பேஸ் கிட்டார் வாசிக்கும் நர்ஸ் மேரியைக் கமிட்டிக்காரர் வராந்தாவுக்குப் போகச் சொன்னார். விருந்தாளிகளுக்கு நாற்காலி போட இடம் வேண்டுமாம். வெளியே சாரல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அறுபதுகளில் இதே தென்காசியில், இதே வராந்தாவில்தான் அப்பாவை நிறுத்தினார்கள். வாரமெல்லாம் தையல் மிஷின் மிதித்துவிட்டு, ஞாயிறன்று ஆள் உயர பேஸ் வயலினைக் காணிக்கையாக வாசித்தவர் அவர். குற்றால சீசனுக்கு வந்த பெரிய மனிதர்கள் ஆராதனைக்கு வந்துவிட்டால், பாட்டுக்குழு வெளியேதான் நிற்க வேண்டும்.

"அங்கன நின்னாலும் சத்தம் கேக்கும்லா" என்பார் அன்றைய கமிட்டிக்காரர்.

ஓர் ஆடி ஞாயிறு, கடைசிப் பாட்டின் நடுவே, சாரலில் நனைந்து ஊறிய பேஸின் பசை விட்டு முதுகுப் பலகை பிளந்தது. அப்பா வேட்டி நுனியால் அதைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"கோயில் சாமானைப் பாத்து வச்சிக்கிடத் தெரியாதா வே?" என்று அதே ஆள் வந்து ஏசினார்.

அப்பா மன்னிப்புக் கேட்டார். அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

போன ஞாயிறு மேரியும் மறுபேச்சில்லாமல் கிட்டார் வயரைச் சுருட்டத் தொடங்கினாள்.

"ஏட்டி, நீ இங்கனயே நில்லு" என்றேன். விருந்தாளிகளுக்கான முதல் வரிசை நாற்காலிகளை நானே தூக்கி வராந்தாவில் போட்டுவிட்டு, கமிட்டிக்காரரிடம் சொன்னேன்: "அங்கன இருந்தாலும் சத்தம் கேக்கும்லா, அண்ணாச்சி."