முத்திரை ஒட்டாத உறை

"...அதுசரி, செத்த ஆளின்ர வோட்டை அவங்கள் எண்ணுவாங்களோ? விசர்க்கதை கதையாதையும், தம்பி," என்றார் அண்ணி. அண்ணர் காலமாகி மூன்றாம் நாள். ஆஸ்பத்திரிப் பைக்குள் கிடந்த உறையை எடுத்து மேசையில் வைத்திருந்தேன். முகவரி அண்ணரின் கையெழுத்து. ஒட்டியிருந்தது, முத்திரை மட்டும் இல்லை. தபாலில் போடச் சொல்லித் திங்கட்கிழமை அவர் தந்தது என்னிடம். "நாளைக்குப் போடுறன்" என்று பைக்குள் வைத்து மறந்தவன் நான்.

பருத்தித்துறையில் எங்கள் குடும்பத்தின் மூத்தவராகப் பிறந்த அண்ணர், வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறும் முன்பே நாட்டைவிட்டு வந்தார். ஜெர்மனியில், டுசல்டோர்ஃபில் ஓர் உணவகச் சமையலறையில் நின்று உழைத்தே அக்காவையும் என்னையும் கூப்பிட்டு எடுத்தார். குடியுரிமைக்குப் போட்ட அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை அவர் போடவில்லை. "வேலைக்குக் கேக்கினம், வோட்டுக்குத்தான் கேக்கினமில்லை," என்பார், சிரித்தபடி.

அந்தச் சமையலறையில் கூட வேலை செய்த ஆங்கிலேயர் ஒருவர், ஊர் திரும்பும்போது, தம் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் வரலாற்று நூலை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அகராதியை வைத்துக்கொண்டு அதை வாசித்தே அண்ணர் ஆங்கிலம் பழகினார். பிறகு முழுவதையும் நான்கு கொப்பிகளில் தமிழில் எழுதினார். ரயில் பட்டறைத் தொழிலாளர் தொடங்கிய கழகம் அது. பெரிய பிரிவுக்கு ஒருபோதும் ஏறாதது. முதலாளி மைதானத்தை விற்க, ஊர் ஊராக இரவல் மைதானங்களில் ஆடியது. கடைசியில் ரசிகர்களே சேர்ந்து கழகத்தையும் மைதானத்தையும் மீட்டார்கள். ஆளுக்கொரு வாக்கு.

அண்ணரும் உறுப்பினராக எழுதிப் போட்டார். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்த முறைப்படி, 'தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்' என்று ஆங்கிலத்தில் முடித்திருந்தார். "எங்கள் கழகத்தில் சொல்வழி கேட்கிற ஆள் ஒருவரும் இல்லை. நீங்கள்தான் முதலாவது," என்று செயலாளர் பதில் எழுதினார். அண்ணி அந்தக் கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி, "அந்த ஆளை வீட்டுக்கும் ஒருக்கா அனுப்பச் சொல்லுங்கோ," என்றார்.

"பெரிய கழகங்களுக்கு ஆக்கள் போதும். இஞ்ச ஒராள் குறைஞ்சாலும் தெரியும்." இது அண்ணர் அடிக்கடி சொல்வது.

மீட்ட மைதானத்திலேயே இருப்பதா, நகர எல்லையில் புதியதற்குப் போவதா என்று கழகம் இந்த வசந்தத்தில் உறுப்பினர்களைக் கேட்டது. மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடி அண்ணர் வாக்குச்சீட்டில் புள்ளடி போட்டார். எதற்கென்று கேட்டேன். "ரகசிய வாக்கெடுப்படா," என்றார். புதன்கிழமை காலை மூச்சு நின்றது.

அவரைப் பராமரித்த தாதியருக்கும், சாப்பாடு கொண்டுவந்த அயலவருக்கும், உணவகத் தோழர்களுக்கும், கிரியைகள் செய்த குருக்களுக்கும், இரவு பகலாகக் கார் ஓட்டி வந்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி. உங்கள் முகங்கள் நினைவிருக்கின்றன. செத்தவீட்டில் உங்களோடு என்ன பேசினேன் என்பது நினைவில்லை.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. உறையை மேசையில் வைத்த அன்றும் வரவில்லை. "நான்தான் மறந்தனான், அண்ணி," என்று மட்டும் சொன்னேன்.

அண்ணி உறையைத் திருப்பி, பின்புறத்தில் தமக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் எழுதினார்: 'இது திங்கட்கிழமை போட்ட வாக்கு. அவர் புதன்கிழமை இறந்தார்.' முத்திரையை ஒட்டினார். பிறகு, வீட்டுச் செருப்போடேயே தபால் பெட்டிக்கு நடந்தார்.