ஏற மட்டும் தெரிந்த ஜீப்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்குச் செய்தி வந்தது. அத்தான் வேலை பார்த்த பல் செட் செய்யும் கூடத்திலிருந்து பேசினார்கள். யாருக்கோ செய்துகொண்டிருந்த கீழ்வரிசையை மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டாராம். தண்ணீர் வருவதற்குள் முடிந்துவிட்டது. அக்காவிடம் நான்தான் சொன்னேன்.

இன்றோடு பதினேழு நாள்.

அத்தான் முப்பத்தொரு வருடம் அடுத்தவர் வாய்க்குப் பல் கட்டியவர். மயிரிழை அளவு தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி தேய்க்கிற ஆள். அப்படிப்பட்டவர் போய், என்னைவிட இரண்டு வயது மூத்த ஒரு ஜீப்பை வாங்கினார். நான்கு சக்கரமும் இழுக்கும். உட்கார்ந்தால் நம் பல்லே ஆடும். காரணம் அக்காவின் முழங்கால். வீடு மேட்டின் உச்சியில். கடைசித் திருப்பத்துக்கு மேல் வாடகை வண்டி எதுவும் வராது. ஜீப்பும் அந்தத் திருப்பத்தில் வந்து இருமியது. அக்கா இறங்கிக்கொள்வாள், பாரம் குறைந்த வண்டி மேலே போகும், அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறி வருவாள்.

"என்னை இறக்கிவிட்டுட்டு ஏறுறதுக்கு உங்களுக்கு ஒரு வண்டியா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள்.

மூன்று மாதத்தில் அத்தான், விபத்தில் நொறுங்கிய ஒரு வேனின் டீசல் இன்ஜினை வாங்கிவந்து, தெருமுனை மெக்கானிக்கோடு சேர்ந்து ஜீப்புக்குள் இறக்கினார். பழையதைப் போல இரண்டு மடங்கு பலம். இன்ஜின் உட்காரும் தாங்கிகளை மட்டும் எட்டு முறை வெட்டி ஒட்ட வைத்தார்.

"சார், இது இன்ஜின். வாய்க்குள்ள வைக்கிற சாமான் இல்ல" என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான்யா. பல்லு எவ்வளவு நல்லா இருந்தாலும் ஈறு தாங்கணும்ல?"

அக்கா முதல்முறையாக அந்தத் திருப்பத்தில் இறங்காமல் வீட்டு வாசல்வரை போனபோது நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மடியில் பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். இரண்டு நாள் கழித்து, தேவையே இல்லாமல் கடைத்தெருவுக்குப் போய்வரலாம் என்றாள்.

இன்ஜினை மாற்றினால் பதிவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். போக்குவரத்து அலுவலகத்து ஆய்வுக்குக் கொண்டுபோனார். வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்த அதிகாரி இறங்கி வந்து, "ஏறுறதுக்கு இன்ஜின் மாத்திட்டீங்க. நிக்கிறதுக்கு என்ன மாத்துனீங்க?" என்று கேட்டார்.

ஈறைப் பற்றி அவ்வளவு பேசிய மனிதர் பிரேக்கை மறந்திருந்தார். மேலே ஏறுவதையே நினைத்துக்கொண்டிருந்ததில், இறங்கவும் வேண்டும் என்பது தோன்றவே இல்லை. இரண்டாவது முறையும் தேறவில்லை. மூன்றாவது முறைக்குக் குறித்த நாள், அவர் இறந்த செவ்வாய்க்கு அடுத்து வந்த வியாழக்கிழமை. அதிலும் தவறினால் வண்டி தெருவில் இறங்கக் கூடாது. அப்படியானால் வீட்டை விற்றுவிட்டுக் கீழே போய்விடலாம் என்று அக்கா சொல்ல ஆரம்பித்திருந்தாள். அந்தப் பேச்சு வந்தாலே அத்தான் எழுந்து வெளியே போய்விடுவார்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைக்குள் மெக்கானிக் புது பிரேக் மாட்டிக் கொடுத்துவிட்டார். பிரேக் ஆயில் குழாய்களில் புகுந்த காற்றை எடுப்பதுதான் பாக்கி; காற்று இருந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது. ஒருவர் சக்கரத்தடியில் படுக்க வேண்டும், ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும். அக்காவின் காலால் முடியாது. என்னைக் கூப்பிட்டார்.

"மச்சினி, நீ படிச்ச படிப்புக்கு இன்னைக்குத்தான் ஒரு வேலை வந்திருக்கு. ஏறி உக்காரு."

"மிதி" என்பார். மிதிப்பேன். "அப்படியே பிடி." கீழே ஸ்பானர் திரும்பும், பெடல் மெல்ல உள்ளே போகும், குமிழி குமிழியாக பிரேக் ஆயில் வரும். "இப்ப விடு." மறுபடி "மிதி."

"அக்காகிட்ட இந்த மாதிரி அதிகாரமா ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன்."

"பேசித்தான் இங்க படுத்துக் கிடக்கேன்."

தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்கி, ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இருப்பதைக் கடைசியாக எடுக்க வேண்டும். மூன்றாவது முடிந்தபோது மணி ஐந்து. எனக்கு முழங்காலுக்குக் கீழே நடுங்கியது.

"போதும் அத்தான், கால் செத்துப்போச்சு. மிச்சம் ஒண்ணுதானே."

அவர் ஊர்ந்து வெளியே வந்தார். "பத்து நிமிஷம்தான் ஆகும்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே, "சரி, போ. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வா. அப்பவும் புதன் ஒருநாள் கையில இருக்கு" என்றார்.

வியாழக்கிழமை போய்விட்டது. ஆய்வுக்கு யாரும் போகவில்லை. நேற்று மெக்கானிக் மூச்சு வாங்க மேடேறி வந்தார்.

"ஒரு சக்கரம்தாம்மா பாக்கி. உங்க தங்கச்சி மிதிச்சா இப்பவே முடிச்சிடலாம். வேற தேதி கேட்டு எழுதிப் போடலாம்."

"முடிச்சு?" என்றாள் அக்கா. "ஓட்டுறது யாரு?"

அவளுக்கு ஓட்டத் தெரியாது. எனக்கும் தெரியாது. மெக்கானிக் இறங்கிப் போனார். ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள்.

ஜீப் வாசலில்தான் நிற்கிறது. மூன்று சக்கரங்களில் காற்று எடுத்தாகிவிட்டது. ஓட்டுபவர் பக்கத்து முன்சக்கரத்தில் இன்னும் எடுக்கவில்லை.