வாசம் வருதா, தம்பி?

நம் வீட்டு வாசல் கம்பிக் கதவில் ஒரு கொக்கி இருக்கிறது. வருடம் முழுவதும் அதில் ஒன்றும் தொங்காது. மழைக்காலத்தில் மூக்கைத் துளைக்கும் டுரியான் வந்ததும் முதல் பழத்தைப் பையோடு அதில் மாட்டிவிட்டு, உங்கள் இருவரையும் கூப்பிட்டு, "வாசம் வருதா?" என்று கேட்கிறேன். அப்பாவுக்குக் கிறுக்கு என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நீங்கள் பதில் சொல்லும்வரை நான் ஏன் உங்கள் மூக்கையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். அப்பா அதிகம் படித்தவனில்லை. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

நகரத்துச் சீனர் பேட்டையான லத்தாவில் நான் வேலை பார்த்த பழக்கடை முதலாளியம்மாவை உங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஃபுஜியன் பக்கத்துச் சீனக் குடும்பம். என்னிடம் பர்மியத்தில்தான் பேசுவார். 'தம்பி' என்ற சொல் மட்டும் தமிழ். சீனர் எல்லோருக்கும் ஒரே நாக்கு என்று நாம் நினைக்கிறோம். அந்தக் கடையில் நின்றால் அப்படி இல்லை என்று தெரியும். அவருடைய ஊர்க்காரர்கள் லாங்கன் கேட்பார்கள். தோலை உரித்தால் நுங்கு போல வழுக்கும், தேன் போல இனிக்கும். அதையே காய வைத்ததை வாங்கிப்போய்க் கஞ்சியில் போடுவார்கள். கான்டன் பக்கத்தவர்கள் லிச்சிக் கூடையை விட்டு நகரமாட்டார்கள். யுன்னான் மலைக்காரர்களோ பழுத்ததைச் சீண்டமாட்டார்கள். புளிக்கிற காயில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி, கண்ணில் நீர் வழியத் தின்பார்கள். "இவங்க பல்லு இரும்புல செஞ்சது" என்பார் முதலாளியம்மா. ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒன்று: டுரியான் தின்றால் உடம்பில் சூடு ஏறும்; அதன் ஓட்டுக் குழியிலேயே தண்ணீர் ஊற்றிக் குடித்தால் இறங்கும்.

டுரியான் பார்த்து எடுப்பதுதான் என் வேலை. கத்திப் பிடியால் தட்டிச் சத்தம் கேட்க வேண்டும். பிறகு முள்ளுக்கு நடுவே மூக்கை வைத்து முகர வேண்டும். நீங்கள் சின்னஞ்சிறுசுகளாக இருந்த அந்த வருடம் காய்ச்சல் ஊரையே தின்றுகொண்டிருந்தது. ஆக்சிஜன் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மனிதர்கள் வரிசையில் நின்றார்கள். உதவி கேட்டு வீட்டு வாசல்களில் வெள்ளைத் துணி தொங்கியது. ஒரு காலையில் நான் பழத்தை முகர்ந்தேன். பச்சைத் தண்ணீரை முகர்ந்தது போல இருந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் அப்படியே.

"என்ன தம்பி, பழத்துக்கு முத்தம் குடுத்துக்கிட்டே நிக்கிறே?" என்றார் முதலாளியம்மா. நான் மூன்றாவது பழத்தை எடுத்தேன். என் முகத்தைப் பார்த்தவர், நன்றாகப் பழுத்த ஒன்றைப் பிளந்து நீட்டினார். "இப்ப?"

"இல்லீங்க."

அவர் முகம் வெளுத்தது. "வீட்டுக்குப் போ. பஸ்ல ஏறாதே. பிள்ளைங்க கிட்ட நிக்காதே" என்றார். தின்கன்ஜூனில் நம் வீடு வரை நடந்தே வந்தேன். வழியில் வெள்ளைத் துணி கண்ட இடத்தில் எல்லாம் கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.

நான் பின்னறையில் கிடந்தேன். அடுத்து உங்கள் அம்மாவும் இருமத் தொடங்கினாள். முன்னறையில் நீங்கள் அழுதால் பயம். அழுகை நின்றுவிட்டால் அதைவிடப் பயம். அப்போதுதான் ஒரு டாக்ஸிக்காரர் அந்தக் கொக்கியில் ஒரு பையை மாட்டி, ஹாரன் அடித்துவிட்டுப் போனார். உள்ளே ஒரு டுரியான், தாளில் சுற்றிய பேரிக்காய்கள், கல்கண்டு. எல்லை அடைத்திருந்ததால் சீனப் பேரிக்காய் கிடைக்காத நேரம் அது.

போனில் முதலாளியம்மா சொன்னார்: "டுரியானைத் தின்னுடாதே. காய்ச்சல்ல சூடு மண்டைக்கு ஏறிடும். தினமும் மோந்து பாரு. வாசம் வந்துட்டா எனக்குச் சொல்லு, நான் சாமிக்குப் பழம் வைக்கணும். பேரிக்காயைக் கல்கண்டு போட்டு ஆவியில வேக வச்சு உன் பொண்டாட்டிக்குக் குடு."

பேரிக்காயை நறுக்கி ஆவியில் வைத்தேன். சூடு, குளிர்ச்சி பார்ப்பது நமக்கும் வழக்கம்தான். ஆனால் இருமுகிறவருக்கு நம் வீட்டில் யாரும் பேரிக்காய் கொடுக்கமாட்டோம், சளி கட்டிவிடும். சீனர்களுக்கோ வறட்டு இருமல் என்றால் சூடு, அதற்குக் குளிர்ச்சிதான் வேண்டும். யாரை நம்புவது? தப்பாகிப்போனால் போவது உங்கள் அம்மா. கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்றேன்.

"மூச்சு இழுக்கவே முடியலை. இதுல குளிர்ச்சியா, சூடான்னு ஆராய்ச்சி பண்றீங்களா? கொண்டாங்க இப்படி!" என்று பிடுங்கிக் குடித்தாள்.

இதை மருந்து என்று நான் சொல்லமாட்டேன். அன்று மத்தியானம் அவள் இருமாமல் தூங்கினாள். இருமல் கேட்காததும் வேறு பயம் பிடித்துக்கொண்டது. மூக்கருகே விரலை வைத்தேன். மெல்லிய சூடு பட்டது. சிறிது நேரம் கழித்து மறுபடியும் வைத்தேன்.

டுரியான் ஜன்னலோரம் கிடந்து தானாக வெடித்தது. ஒரு விடியற்காலையில் நெய்யில் வெங்காயம் கருகியது போல ஏதோ ஒன்று என்னைத் தொட்டது. பக்கத்தில் போய்க் குனிந்தேன். அழுதுவிட்டேன். உடனே முதலாளியம்மாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த நாளும் யாரும் எடுக்கவில்லை.

நடக்கத் தெம்பு வந்ததும் லத்தாவுக்கு ஓடினேன். கடைக்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே, பாதியாக இளைத்து, அவரே உட்கார்ந்திருந்தார். ஒரு டுரியானை என் பக்கம் தள்ளினார். "நீ மோந்து சொல்லு தம்பி."

"ஏங்க, உங்க மூக்குக்கு என்ன?"

"அது லீவுல போயிருக்கு."

அது திரும்பி வரவே இல்லை. கடையைக் கொடுத்துவிட்டு மகளோடு இருக்க டவுன்ஜீ மலையூருக்குப் போகும்வரை, அவருக்கும் சேர்த்து நான்தான் முகர்ந்தேன். சுளையை வாயில் வைத்து, "மெத்துன்னு இருக்கு, அவ்வளவுதான்" என்பார்.

இந்த வருடமும் பழத்தை மாட்டிவிட்டுக் கேட்டேன். சின்னவனே, நீ முகத்தை நீட்டிவிட்டு, "ஒண்ணும் வரலையேப்பா" என்றாய். உன் நெற்றியில் கையை வைத்தேன். லத்தாவில் அன்று காலை நின்ற இடத்திலேயே மறுபடி நின்றேன். அதற்குள் உன் அக்கா உன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டி, "மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்பா!" என்று கத்தினாள். நீ மூச்சை இழுத்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாய்.

பிறகு வழக்கம்போல டவுன்ஜீயில் இருக்கும் முதலாளியம்மாவுக்குப் போன் போட்டேன். "வாசம் வருதா, தம்பி?" என்றார். வருது என்றேன். "எப்படி இருக்கு?" என்றார். போனை உன் பக்கம் நீட்டினேன். "நாத்தம் தாங்க முடியலை!" என்று பர்மியத்தில் கத்தினாய்.

போனை மறுபடி என் காதில் வைத்தேன். முதலாளியம்மா மெதுவாகக் கேட்டார்: "இன்னொரு தடவை சொல்லச் சொல்லு."