குடும்பப் பெயர் என்ற கட்டம்

முன்னால் நின்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதித் தருகிறேன். செபக் கூட்டத்தில் யாராவது வாசித்துவிடுங்கள்.

1993 மாசி மாதம் என் மகள் ஜெனிற்றாவுக்குக் கோட்டிலிருந்து அழைப்பாணை வந்தது. காப்புறுதி இல்லாமல் கார் ஓடினாள் என்று குற்றம். அவளுக்குப் பதினெட்டு வயது. தாதிப் படிப்புக்கு அப்போதுதான் இடம் கிடைத்திருந்தது. குற்றம் பதிவானால் அந்த இடம் போய்விடும் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள்.

பிழை அவளுடையது அல்ல. என்னுடையது.

முந்தின கோடையில் எங்கள் கார் காப்புறுதியில் அவளையும் சாரதியாகச் சேர்த்தேன். முகவர் தமிழர். இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு வந்து நாங்கள் குடியிருந்த கிங்ஸ்பரி வீட்டில், குசினி மேசையில் இருந்தபடி அவசர அவசரமாகப் படிவத்தை நிரப்பினார். "குடும்பப் பெயர் என்ன அண்ணை?" என்று கேட்டார். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? என் அப்பாவின் பெயரைச் சொன்னேன், சந்தியாப்பிள்ளை. எனக்கும் மகளுக்கும் அதையே எழுதினார். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன்.

மார்கழியில், பிரேக் லைட் எரியவில்லை என்று பொலிஸ் அவளை மறித்தது. ஏழு நாளுக்குள் கடதாசிகளைக் கொண்டுவந்து காட்டச் சொன்னது. லைசென்ஸில் எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயரோடு ஜெனிற்றா மரியதாசன். காப்புறுதியில் ஜெனிற்றா சந்தியாப்பிள்ளை. இது வேறு ஆள் என்றார்கள். காப்புறுதிக் கம்பனியின் கந்தோரும் மரியதாசன் என்ற பெயரில் தங்களிடம் சாரதி இல்லை என்று எழுதிவிட்டது. முகவரின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பார் இல்லை.

"தாத்தாவின்ர மகள் எண்டா நான் உங்களுக்குத் தங்கச்சியெல்லோ அப்பா," என்று ஜெனிற்றா சிரித்தாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மனைவி விடவில்லை. "என்ன கடதாசி எண்டு கேட்டுப்போட்டுச் சைன் வையுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்? வாயைத் திறந்தா முத்துக் கொட்டிப்போடுமோ?"

அவள் சொன்னது சரி.

செவ்வாய் தவறாமல் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். ஒன்றும் அசையவில்லை. பிறகு செபமே வரவில்லை. பெற்ற பிள்ளையை நானே கெடுத்தேன். தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும்போதும் அந்த ஒரு நினைப்புத்தான்.

மகள் கந்தோருக்குப் போன் பண்ணிச் சொல்லிப் பார்த்தாள். காப்புறுதி எடுத்தவரோடுதான் பேசுவோம் என்று வைத்துவிட்டார்கள். கோட்டுக்கு ஒன்பது நாள் இருக்க, மகளின் லைசென்ஸை எடுத்துக்கொண்டு நானே கந்தோருக்கு நேரே போக முடிவெடுத்தேன். மகளுக்கு அன்று பள்ளிக்கூடத்தில் சோதனை. கூட வருவதாகச் சொன்ன மனைவியின் தம்பி காலையில் போன் பண்ணினான். "அத்தான், ஷிப்டை மாத்திப்போட்டாங்கள். வர ஏலாது. குறை நினையாதேங்கோ."

பஸ்ஸில் இருந்தபடி கெஞ்சினேன். "ஆண்டவரே, இண்டைக்கு ஒரு நாளைக்கு எனக்கு இங்கிலீஷைத் தாரும்."

தரவில்லை. கவுண்டரில் இருந்த வெள்ளைக்காரப் பெண் இரண்டு தரம் கேட்டாள். தெரிந்த நாலு சொல்லும் போய்விட்டது. பின்னால் வரிசை. திரும்பிப் போகக் காலெடுத்தேன். அப்போது கை தானாக அழைப்பாணை வந்த உறையைத் திருப்பியது. வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. பெயர்களை மட்டும் இங்கிலீஷில் எழுதுவேன். மேலே மரியதாசன் சந்தியாப்பிள்ளை, கீழே ஜெனிற்றா மரியதாசன் என்று எழுதினேன். என் பெயரிலிருந்து மகளின் கடைசிப் பெயருக்கு ஒரு கோடு இழுத்தேன்.

அவள் நெடுநேரம் பார்த்தாள். உள்ளே போய் எங்கள் படிவத்தை எடுத்து வந்து மகளின் லைசென்ஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் பிறந்த திகதியில் விரலை வைத்து, "சேம் கேர்ள்," என்றாள்.

அது எனக்கு விளங்கியது.

இருவரும் ஒரே ஆள், அன்று காப்புறுதி இருந்தது என்று கடிதம் தந்தாள். கோட்டில் வழக்கைக் கைவிட்டார்கள். வெளியே வந்து அழுதது நான்தான், மகள் இல்லை.

இன்று அவள் தாதி. ஆண்டவருக்கு நன்றி. நான் சனிக்கிழமைகளில் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறேன். இன்னும் தடக்குகிறேன். ஆனாலும் யாராவது கந்தோருக்குப் போகப் பயந்தால் கூடப் போய் நிற்கிறேன்.

வந்த கடிதத்தைப் பயத்தில் மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு இருப்பவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அதை வெளியே எடுங்கள். செபம் வராவிட்டாலும் எழும்பிப் போங்கள். அவர் உங்களோடு வருவார். இன்னொரு ஆளும் வேண்டுமென்றால், பூசை முடியக் கோயிலின் கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பேன். வந்து தோளில் தட்டுங்கள்.