பாலம் வந்தால் சொல்லு

“…அப்பறம் பாலம் வந்தா சொல்லு. மறந்துடாத,” என்றார் பெரியப்பா.

வண்டி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அது ஒரு லோடு ஆட்டோ. பேட்டரியைக் கழற்றி உள்ளே வைத்து இருபது நாளாகியிருந்தது. கண்ணாடிக்கு முன்னால் மூன்றடி தூரத்தில் எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவர், அதன்மேல் காயப்போட்ட பெரியம்மாவின் புடவை. இதில் பாலம் எங்கிருந்து வரும்? ஆனாலும் நான் அவர் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்கு எட்டு வயது. மறுநாள் காலையில் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து அந்த வண்டியை விலைக்கு வாங்கியவர் வந்து ஓட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

பெரியப்பா என் அப்பாவுக்கு அண்ணன். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். உடம்பு கேட்கவில்லை என்று லாரியை விட்டவர், ஓட்டுவதை விட மனசில்லாமல் இந்த லோடு ஆட்டோவை வாங்கினார். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் செய்கிற பொம்மைகளையும் ஃபியூஸ் கட்டைகளையும் வைக்கோல் வைத்துக் கட்டிய பெட்டிகளில் ஏற்றி, ரயிலடிக்கும் லாரி ஆபீசுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேலை. பீங்கான் ஏற்றுகிறவருக்குக் கண்ணைவிடக் காது முக்கியம். “பின்னாடி கிளிங்குனு ஒரு சத்தம் வந்துச்சுன்னா டிரைவர் தூங்குறான்னு அர்த்தம்” என்பார். அவர் வண்டியில் அந்தச் சத்தம் வந்ததே இல்லை. “அவரு வண்டில நெறமாசக்காரியும் ஏறலாம், நெறகொடமும் ஏறலாம்” என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்காதவர்போல் டீயை ஊதி ஊதிக் குடிப்பார். எல்லாம் கேட்டிருக்கும்.

ஒரே ஒரு குணக்கேடு உண்டு. யாருக்கும் வழிவிட மாட்டார். பின்னால் பஸ் வந்து ஹாரன் அடித்தாலும் சரி, கார் வந்து கத்தினாலும் சரி, நடு ரோடு அவருடையது. “அவனுக்கு என்னா அவசரம்? பொண்டாட்டிக்கு வலி கண்டுடுச்சாமா?” என்பார். லாரி ஓட்டின கை. லோடு ஆட்டோவிலும் லாரியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தது.

அந்த வருஷக் கோடை லீவில் என்னைத் தினமும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம். அதுவரை யாரையும் பக்கத்தில் உட்காரவிடாதவர். “புள்ளைங்க லீவுல வூட்டுல கெடந்து என்னா பண்ணும்” என்றார். வண்டியில் ஏறியதும் எங்களுக்கு ஒரு விளையாட்டு. ரோட்டில் வருவதை யார் முதலில் பார்ப்பது என்று போட்டி. நான் உரக்கச் சொல்ல வேண்டும்.

“ஆடு, பெரியப்பா!”

“எந்தப் பக்கம்?”

“பீச்சாங்கைப் பக்கம்.”

“எத்தினி?”

“மூணு. ஒண்ணு குறுக்க வருது.”

“நான் எப்பவோ பாத்துட்டேன்.”

இப்படித்தான். பஸ், சைக்கிள், கூடைக்காரி, பள்ளம், எதைச் சொன்னாலும் எல்லா விவரமும் கேட்டுக்கொண்டு, கடைசியில் “நான் எப்பவோ பாத்துட்டேன்” என்று விடுவார். மணிமுத்தாற்றுப் பாலத்தைக்கூட நான்தான் முதலில் சொல்வேன். அதையும் அவர் எப்பவோ பார்த்திருப்பார். லீவு முழுக்க நான் ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. ஒரு சின்னப்பிள்ளையிடம் ஒரு தடவை தோற்றால்தான் என்ன என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது அந்த ஆத்திரம் முற்றிவிட்டது. வளைவில் வந்த சிவப்பு டிராக்டரை, அது தலையை நீட்டும்போதே நான் சொல்லிவிட்டேன். அதையும் எப்பவோ பார்த்துவிட்டாராம். சரி, இனி வீடு போகிறவரை வாயைத் திறப்பதில்லை என்று உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டேன். “என்னா பாப்பா, ரோட்டுல ஒண்ணுமே இல்லியா?” என்று இரண்டு மூன்று தரம் கேட்டார். நான் பேசவில்லை. அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்.

பட்டறைச் சந்துக்குள் வண்டி திரும்பியது. அங்கே ஓரமாகப் பலகைகளில் யானைப் பொம்மைகளை வெயிலுக்கு வைத்திருந்தார்கள். சூளைக்குப் போகாத பச்சை மண் யானைகள், வெள்ளை வெளேரென்று. வெயிலில் தரைக்கும் யானைக்கும் வித்தியாசம் இல்லை. ஆனாலும் நான் பார்த்தேன். அவற்றைத் தாண்டி, வேலை செய்கிற ஒரு அம்மாவின் குழந்தை குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். சொல்லவில்லை. அவர்தான் எப்பவோ பார்த்திருப்பாரே!

சக்கரம் முதல் பலகையில் ஏறியது. சுட்ட பீங்கானாக இருந்திருந்தால் தெருவே கேட்கும்படி உடைந்திருக்கும், அவரும் அந்த நொடியே நிறுத்தியிருப்பார். பச்சை மண்ணுக்குக் குரல் கிடையாது. வாயில் போட்ட டீக்கடைப் பொறை மாதிரி நொறுங்கிப் போயிற்று. வண்டி இரண்டாவது பலகையிலும் ஏறியது. அப்போதுதான் அந்த அம்மா அலறிக்கொண்டு பாய்ந்து குழந்தையை அள்ளினாள். அலறலுக்குத்தான் பெரியப்பா பிரேக்கை மிதித்தார்.

“ஏன்யா, பட்டப்பகல்ல கண்ணு தெரியலியா ஒனக்கு?” என்று கத்தினாள்.

ரோட்டில் வண்டி ஓட்டுகிற எல்லோரையும் எல்லோரும் கேட்கிற கேள்விதான். அதற்குப் பெரியப்பாவிடம் லாரிக் காலத்துப் பதில்கள் நிறைய உண்டு. அன்றைக்கு அவர் வண்டியை அணைத்தார். இறங்கினார். குனிந்து தரையைத் தடவினார். விரலில் ஒட்டிய வெள்ளை மாவை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். பிறகு அந்தக் குழந்தை எங்கே என்று கேட்டு, அதன் தலையைத் தேடித் தொட்டார். அந்த அம்மா வெடுக்கென்று குழந்தையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

வீட்டுக்குச் செய்தி எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டது. அப்பா என்னைத்தான் பிடித்துக்கொண்டார். “பக்கத்துலயே உக்காந்திருந்தியே, ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?” தப்பு என்மேல் இல்லை என்று காட்ட வேண்டுமே! “நான் எதுக்குச் சொல்லணும்? பெரியப்பாதான் எப்பவும் முன்னாடியே பாத்துடுறாரே!” என்று விளையாட்டை முழுசாக விளக்கினேன். எந்தப் பக்கம் என்று கேட்பார், எத்தனை என்று கேட்பார், பள்ளம் கிட்டே இருக்கிறதா தூரமா என்று கேட்பார் என்று, அவர் குரலிலேயே செய்தும் காட்டினேன்.

யாரும் சிரிக்கவில்லை. பெரியம்மா மட்டும், “எத்தினி நாளா?” என்று அவரைப் பார்த்துக் கேட்டாள். பெரியப்பா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து டீவி பெட்டிமேல் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனார். யாரும் கேட்காமலே வைத்தார்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கண் நரம்பு போய்விட்டது, போனது திரும்பாது என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே அவரை. தினமும் காலையில் சவரம் செய்துகொள்கிற மனிதர், தாடியைத் தடவிக்கொண்டு கட்டிலில் கிடந்தார். வைத்த சோறு வைத்தபடி இருந்தது. டீக்கடைக்குக்கூடப் போவதில்லை. “வண்டிச் சாவியத்தான எடுத்து வெச்சீங்க, காலையுமா எடுத்து வெச்சீங்க?” என்று பெரியம்மா கேட்டதற்கு, “நடந்து போனா வண்டி எங்கன்னு கேப்பான். அதுக்குப் பதில் சொல்லிக்கினே எவ்ளோ தூரம்டி நடக்கறது?” என்றார். அப்பா தன் பைக்கில் ஒருநாள் வற்புறுத்தி ஏற்றிப் போனார். “அண்ணே, பின்னாடி உக்காந்துக்கினு பிரேக் புடிக்காதீங்க” என்று அப்பா கேலி செய்தது வாசல்வரை கேட்டது. மறுநாள் கூப்பிட்டதற்கு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தெருவில் வண்டி போனால் மட்டும் தலை லேசாகத் தூக்கும். “ரெண்டாவது கியர்லயே இழுக்குறான் பாரு” என்பார், யாரிடம் என்றில்லாமல்.

நான் அவர் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தேன். நான் கோபித்துக்கொண்டதால்தான் யானை உடைந்தது, ஆட்டத்தை ஒழுங்காக ஆடாததால்தான் வண்டியை விற்கிறார்கள் என்று என் கணக்கு.

அதனால்தான், அந்தக் கடைசி நாள் சாயங்காலம் “பாப்பா, வந்து ஏறு” என்று வண்டிக்குள்ளிருந்து அவர் கூப்பிட்டபோது ஓடிப்போய் ஏறினேன். அன்றைக்குச் சவரம் செய்திருந்தார். காக்கிச் சட்டை போட்டிருந்தார். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, கடைத்தெரு வழியாகப் போகலாம், அப்புறம் பாலம் வந்தால் சொல்லு என்றார்.

“செவுருதான் பெரியப்பா இருக்குது” என்றேன்.

“செவுர வுடு. ரோட்டுல என்னா இருக்குது?”

எனக்குப் பிடிபட்டுவிட்டது. இந்த முறை ஒன்றையும் விடக் கூடாது. நன்றாக ஆடினால் காலையில் வருகிறவர் வண்டியை விட்டுவிட்டுப் போய்விடுவார். சொல்லத் தொடங்கினேன். சோத்தாங்கைப் பக்கம் பூக்கடை. பீச்சாங்கைப் பக்கம் மூணு ஆடு. எதிரே வேப்பூர் பஸ். ஒரு ஆயா கூடையோடு குறுக்கே வராங்க, நிறுத்துங்க. போயிட்டாங்க, எடுங்க. பள்ளம். இன்னொரு பள்ளம். அவர் ஒவ்வொன்றுக்கும் கையை ஒடித்தார், காலை அழுத்தினார். முகத்தில் வியர்வை.

“பாலம்! பாலம் வந்துடுச்சு, பெரியப்பா!”

வழக்கமான பதிலுக்காகக் காத்திருந்தேன். அவர் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“அப்படியா? நான் பாக்கல பாப்பா,” என்றார்.

ஜெயித்துவிட்டேன்! ஒரு லீவு முழுக்கத் தோற்றுத் தோற்று, கடைசியில் ஜெயித்தேவிட்டேன். சீட்டில் குதித்துக் கைதட்டினேன்.

பெரியப்பா வண்டியை மெல்ல ஓரம் கட்டினார். வலது கையை வெளியே நீட்டி, பின்னால் வருகிறவர்களை முன்னே போகச் சொல்லி ஆட்டினார். நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. அவர் ஆட்டிக்கொண்டே இருந்தார்.